பரோட்டா மாஸ்டர் வீட்டு சாலட்

இலையில சோறு போட்டா மதுரையில யாரும் வந்து உக்காருவாங்க; இலையையே சோறாப் போட்டா யாரு வருவாங்கன்னு பாக்குற தொழில் என்னோடது. கொய்யா, மாதுளை, பன்னீர் திராட்சை, வறுத்த கடலை, முந்திரி, இம்புட்டையும் லெட்டூஸ் இலையோட கலந்து, வீட்டுலயே செஞ்ச டிரெஸ்ஸிங்கை மேல ஊத்திக் குடுக்கணும். சொல்றதுக்கு ஒரு மூச்சு போதும், விக்கிறதுக்குத்தான் தாவு தீந்துரும். கடை வச்சவங்களுக்கு என் பாடு தெரியும். வீட்டுக்காரரை உள்ளயே உக்கார வச்சுக்கிட்டு கடை வச்சவங்களுக்கு நல்லாவே தெரியும்.

எங்க கடை வில்லாபுரத்துல. பதினாலு வருசமா பரோட்டாக் கடை. எங்க வீட்டுக்காரர் பாண்டிதான் மாஸ்டர். போன ஆவணியில அவருக்கு வலது தோள்பட்டை போச்சு. மாவை வீசி வீசி உள்ள என்னமோ கிழிஞ்சிருச்சாம். "இனியும் வீசுனீங்கன்னா இந்தக் கை மேல தூக்க வராது, சட்டை மாட்டவே ஆள் வேணும்"னு டாக்டர் பச்சையாச் சொன்னது கதவுக்கு வெளிய நின்ன என் காதுலயே விழுந்துச்சு. இவரு வெளிய வந்து என்கிட்ட சொன்னது வேற: "தை வரைக்கும் ஓய்வு. தை ஒண்ணு அன்னைக்கு அடுப்பைப் பத்த வைக்கிறேன்." எனக்கு அங்கேயே பத்திக்கிட்டு வந்துச்சு!

மூணு நாள் சண்டை. கடைசியில ஒரு பந்தயத்துல வந்து நின்னோம். அதே கடையில நான் சாலட் போட்டு ஓட்டிக் காட்டணும். அதை அவரு தின்னுட்டு, நல்லாருக்குன்னு அவரு வாயால சொல்லணும். ரெண்டும் தைக்குள்ள நடந்தா அடுப்பு பத்தாது, கை தப்பிச்சுக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் மாவு பிசைஞ்சிருவாரு. எதுக்கு சாலட்டுன்னு கேக்குறீகளா? அடுப்பு வேணாம், வீச வேணாம், என் ரெண்டு கையி போதும். போன்ல பாத்துப் பாத்துப் படிச்சேன். இவரு நாற்காலியை உள்பக்கச் சுவரோரமாப் போட்டுக்கிட்டு, "ஒரு இலை கூட என் வாயில படாது"ன்னு மொத நாளே அறிவிச்சிட்டாரு.

மொத கிராக்கி

எதுத்தாப்புல லோடு ஆட்டோ ஸ்டாண்டு. அங்க கருப்பையா அண்ணன், எங்க கடையில பத்து வருசமா ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட் மாறாத ஆளு. என்னையத் தங்கச்சின்னு கூப்பிடுவாரு, இவரை மாப்ளம்பாரு. கடை தொறந்த அன்னைக்கு மொத ஆளா வந்து உக்காந்தாரு. எனக்குக் கை காலெல்லாம் பரபரங்குது! தட்டு நெறைய இலையும் பழமும் அள்ளி வச்சு, மேல முந்திரியைத் தூவி, பக்கத்துல ஒரு கிண்ணத்துல டிரெஸ்ஸிங் ஊத்தி வச்சேன். எலுமிச்சைச் சாறு, செக்குக் கடலை எண்ணெய், தேன், மிளகு, அரைச்ச கடுகு. நானே அசந்து போற மாதிரி மின்னுச்சு.

அண்ணன் தட்டைப் பாத்தாரு. இலைக்கு அடியில கையை விட்டுத் துழாவினாரு. பரோட்டா அடியில இருக்கும்னு நெனச்சிருக்காரு, பாவம். இல்லைன்னு தெரிஞ்சதும் கிண்ணத்தை எடுத்து மோந்து பாத்துட்டு மடக்குன்னு குடிச்சாரு. மூக்கு வேர்த்துச்சு மனுசனுக்கு, கண்ணு ரெண்டும் விரிஞ்சுச்சு, நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டே கிண்ணத்தை நீட்டினாரு.

"தங்கச்சி, இந்தத் தழை உன்கிட்டயே இருக்கட்டும். அந்தச் சால்னாவை மட்டும் இன்னொரு கிண்ணம் ஊத்து."

பரவையில

லெட்டூஸ் நம்ம ஊரு வெயில்ல வராது, கொடைக்கானல்ல இருந்து இறங்கணும். பரவை மார்க்கெட்டுக்கு வாரத்துல மூணு நாள் போறேன். தக்காளி, கத்திரிக்கா, முருங்கைக்கா மூட்டைக்கு நடுவுல இது ஒரு மூலையில, கேக்க நாதியில்லாமக் கெடக்கும். ஒரு அக்காதான் விப்பாங்க. மொத வாரம் ஒரு கிலோ வாங்கினேன். அடுத்த வாரம் மூணு. மூணாவது வாரம் எட்டுக் கிலோ வேணும்னேன் பாருங்க, எனக்கே பெருமை தாங்கல! அந்த அக்கா தராசைக் கீழ வச்சுட்டு என்னையை ஏற இறங்கப் பாத்தாங்க.

"ஏந்தாயி, எம்புட்டு முயல் வளக்குற?"

வேட்டி சுத்தல்

சாலட்டுல ஒரு சூட்சுமம் உண்டு. இலையில ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் டிரெஸ்ஸிங் ஒட்டாது, வழுக்கி அடியில போயிரும். தின்னா சப்புன்னு இருக்கும். ஈரத்தை எடுக்க ஒரு மிசின் இருக்காம், நமக்கெதுக்கு அது? இவரோட பழைய வேட்டியில கழுவுன இலையைப் போட்டு மூட்டையாக் கட்டி, கடை வாசல்ல நின்னு தலைக்கு மேல சுத்து சுத்துன்னு சுத்துவேன். தண்ணி பூராம் தெறிச்சிரும், இலை மொடமொடன்னு நிக்கும். அந்தச் சுத்து சுத்துறப்ப எனக்கு ஒரு வெறியே வரும்!

ஒரு காலையில அப்படிச் சுத்திக்கிட்டு இருக்கேன். நெத்தி நெறைய திருநீறு பூசின பெரியவர் ஒருத்தரு அந்தப் பக்கமா நடந்து போனாரு. சுளீர்னு அவரு மூஞ்சியில தெறிச்சிருச்சு. நான் பதறிப்போயி வேட்டியை நிறுத்திட்டேன். திட்டப் போறாருன்னு பாத்தா, மனுசன் நின்னாரு, செருப்பைக் கழட்டுனாரு, தெறிச்ச தண்ணியைக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. உள்ள இருந்து எங்க வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம். அந்த ஆவணிக்கப்புறம் அவரு சிரிச்சு அன்னைக்குத்தான் கேட்டேன். பெரியவரு ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டுக் கேட்டாரு.

"எந்தக் கோயில் தீர்த்தம்மா இது? இன்னும் கொஞ்சம் தெளிச்சு விடு தாயி."

குலுக்கல்

எண்ணெயும் எலுமிச்சையும் ஒண்ணோட ஒண்ணு சேராதுங்க. பாட்டில்ல ஊத்தி மூடியைப் போட்டு வேகமாக் குலுக்கணும், வெளுத்துக் கெட்டியா வர்ற வரைக்கும். குலுக்குனதும் ஊத்தணும், விட்டா மறுபடி பிரிஞ்சுக்கும். ஐப்பசி வந்தப்ப ஒரு நாளைக்கு நாப்பது தட்டு போச்சு. வாக்கிங் போறவங்க, காலேஜ் புள்ளைக, எதுத்த பேங்குல வேலை பாக்குறவங்க, எல்லாம் நிக்கிறாங்க! பந்தயத்துல பாதி ஜெயிச்சாச்சு. மீதிப் பாதி சுவரோரமா நாற்காலியில உக்காந்து மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்துச்சு. "பச்சை எண்ணெய் வாடை குடலைப் புடுங்குது புள்ள. காய வைக்காத எண்ணெயை மனுசன் திம்பானா?" தினமும் இதே பாட்டு.

அன்னைக்கு நான் ரெண்டு கையிலயும் ரெண்டு பாட்டிலை வச்சு ஆவேசமாக் குலுக்கிக்கிட்டு இருக்கேன். தவமணி அக்கா வந்தாங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸு, டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில ஒரு தட்டு தின்னாத்தான் அவங்களுக்குப் பொழுது போகும். என்னையக் கொஞ்ச நேரம் பாத்தாங்க, உள்ள உக்காந்திருக்கிற இவரைப் பாத்தாங்க.

"ஏ செல்வி, மெதுவாக் குலுக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு கை போனது போதும்."

உசிலம்பட்டி ஆர்டர்

கார்த்திகையில அந்தத் தவமணி அக்காதான் குண்டைத் தூக்கிப் போட்டாங்க. பேரனுக்குக் காதுகுத்து, உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயில்ல. கெடா வெட்டு, கறிச்சோறு. "எங்க கூட்டத்துல பாதிப் பேருக்குச் சுகர், மிச்சப் பேருக்கு பிரஷர். இலையில மொத அயிட்டமா உன் சாலட் இருக்கணும், முந்நூறு பேருக்கு"ன்னாங்க. முந்நூறு! நான் சரின்னுட்டு வீட்டுக்குள்ள போயி ஒரு சுத்து ஆடிட்டு வந்தேன், பொய் சொல்லல.

கருப்பையா அண்ணன் லோடு ஆட்டோவுல மூணு அண்டா இலை, பழக்கூடை, அஞ்சு லிட்டர் கேன்ல டிரெஸ்ஸிங், எல்லாம் ஏத்தியாச்சு. இவரும் ஏறிக்கிட்டாரு. "முந்நூறு பேரு பந்தி உனக்கு என்ன தெரியும்? நான் வாரேன்"னாரு. அவ்வளவு நாளுக்கப்புறம் அவரா ஒரு வேலைக்குக் கெளம்புறாரேன்னு எனக்குச் சந்தோசம். கோயில்ல இறங்கினதும் பழமெல்லாம் வெட்டி முடிச்சேன். தவமணி அக்கா, "வா, வந்து புள்ளைய வாழ்த்திட்டுப் போ"ன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. போறப்ப இவருகிட்ட, "பந்தி போடுறதுக்கு முன்னாடிதான் கேனைத் தொறக்கணும், கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னேன். அந்த ஒரு வார்த்தை சொல்லாம போயிருக்கணும்.

புள்ளை காது குத்துற சத்தம் ஒரு பக்கம். திடீர்னு காத்துல ஒரு வாசம். கடுகு வெடிக்குது, கறிவேப்பிலை பொரியுது, வர மிளகா கமறுது. நல்ல வாசம்தான், சாலட்டுக்குப் பக்கத்துல வரவே கூடாத வாசம்! ஓடுனேன். கறி வெந்த அடுப்புல பெரிய வாணலி. என் அஞ்சு லிட்டர் டிரெஸ்ஸிங்கும் அதுக்குள்ள கொதிக்குது. தேன் கருகி, எலுமிச்சை கசந்து, அம்புட்டும் நாசம். அது போதாதுன்னு ஒரு அண்டா லெட்டூஸ்ல சூடாவே ஊத்திக் கிண்டியும் முடிச்சிட்டாரு. அண்டா நெறைய இருந்த இலை அடியில ஒரு பிடி கருப்பாச் சுருண்டு கெடந்துச்சு. இவரு ஒத்தைக் கையில கரண்டியோட, வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் பூரிப்பா நிக்கிறாரு.

"பச்சை வாடையோட பந்தியில வச்சு உன் பேரு கெட்டுரக் கூடாதுல்ல, அதான் தாளிச்சு விட்டேன் புள்ள."

ஏழாவது இலை

நான் அந்த எடத்துலயே உக்காந்து அழுதேன். மனுசன் மேல கோவப்படவும் முடியல பாருங்க. என் பேரு கெட்டுரும்னு பயந்து செஞ்சிருக்காரு, அதுவும் அந்தக் கையை வச்சுக்கிட்டு. பந்திக்கு அரை மணி நேரம் இருக்கு. ரெண்டு அண்டா இலை பொழச்சுக் கெடக்கு, ஊத்துறதுக்கு ஒரு சொட்டு இல்ல. இவரு என் முகத்தைப் பாத்தாரு, அண்டாவைப் பாத்தாரு, கரண்டியைக் கீழ வச்சாரு. மன்னிப்பெல்லாம் அவருக்கு வராது. எம்பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து, "என்னென்ன போடணும், வரிசையாச் சொல்லு"ன்னாரு.

பாத்தீகளா, எந்திரிச்சுட்டேன்! சமையல்காரங்ககிட்ட கடலை எண்ணெய் டின் இருக்கு. எலுமிச்சம்பழம் ஒரு கூடை. தேன் இல்ல, வெல்லம் இருக்கு. கடுகு அரைக்க நேரமில்ல, வறுத்த கடலை இருக்கு, அதைப் பொடிச்சுப் போட்டா எண்ணெயும் சாறும் பிரியாது. இஞ்சி தட்டுற சின்ன உரலை இழுத்துப் போட்டுக்கிட்டு இவரு இடது கையால கடலையை இடிக்கிறாரு. நான் பழம் பிழியிறேன். கருப்பையா அண்ணன் கேனைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் குலுக்குறாரு, பறையடிக்கிற ஆளுக அவரு ஆட்டத்துக்குத் தகுந்த மாதிரி அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வருது.

எல்லாம் சேந்துருச்சு. ருசி பாக்கணுமே? அழுது அழுது எனக்கு மூக்கடைச்சுப் போச்சு, நாக்குல உப்பு தெரியல, புளிப்பு தெரியல. அண்ணனைக் கேட்டா எல்லாத்தையும் நல்லாருக்கும்பாரு, அது ஆகாது. இவரைப் பாத்தேன். "ஏங்க, எனக்கு நாக்கு செத்துப் போச்சு. நீங்கதான் பாக்கணும்." இவரு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாரு, தப்பிக்க வழியில்ல. ஒரு இலையைக் கிள்ளி முக்கி, கண்ணை மூடிக்கிட்டு வாயில போட்டாரு.

மென்னாரு. "புளிப்பு தூக்கலா இருக்கு. வெல்லம் போடு." போட்டேன். ரெண்டாவது இலை. "உப்பு ஒரு சிட்டிகை." மூணாவது. "மிளகு நுணுக்கிப் போடு, கறிச்சோத்துக்கு முன்னாடி காரம் வேணும்." நாலாவது இலையில கொய்யாத் துண்டையும் கடலையையும் வச்சுச் சுருட்டித் தின்னாரு. அஞ்சாவதுக்கு ஒண்ணும் சொல்லல. ஆறாவதுக்கும் சொல்லல. ஏழாவது எடுக்கப் போனப்ப, "போதுங்க, பந்திக்கு வேணும்"னு கையைத் தட்டி விட்டேன். அவரு நல்லாருக்குன்னு மட்டும் சொல்லல.

பந்தியில கறி வர்றதுக்கு முன்னாடி இலையில சாலட் விழுந்துச்சு. ஊரே உத்துப் பாக்குது. பெரிய மீசை வச்ச தாத்தா ஒருத்தரு ரெண்டு விரலால தூக்கிப் பாத்துட்டு வாயில போட்டாரு. வரிசையே அவரு வாயைப் பாத்துச்சு. மறுபடி போட்டாரு, வழிச்சுத் தின்னாரு. அதுக்கப்புறம் பந்தி பூராம் "இங்கிட்டு வைம்மா, இங்கிட்டு வைம்மா"தான்! நான் அண்டாவைத் தூக்கிக்கிட்டு ஓடுறேன், இவரு கரண்டியோட பின்னாலயே ஓடி வாராரு. ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டே அந்தத் தாத்தா எதுத்தாப்புல இன்னொரு வீட்டு நேத்திக்கடனுக்குக் கட்டியிருந்த கெடாவைப் பாத்துச் சொன்னாரு.

"அது திங்கிறதையும் நாமளே திங்கிறோம், அதையும் நாமளே திங்கிறோம், பெறகு அது எதுக்குத்தேன் பொறந்துச்சு?"

தை ஒண்ணு

திரும்பி வந்ததுல இருந்து இவரு நாற்காலி கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகர ஆரம்பிச்சுச்சு. காலையில நான் டிரெஸ்ஸிங் கலக்குனதும் ஒரு இலையோட வந்து நிப்பாரு. "இன்னைக்கு எலுமிச்சை கசக்குது." "கடலை இன்னும் ஒரு வறுப்பு வேணும்." சொல்லிட்டுப் போயிருவாரு. ஆனா பந்தய வார்த்தை வரல. மார்கழி முடியப் போகுது, வரவே இல்ல. போகி அன்னைக்கு அடுப்பைத் தொடைச்சு வச்சாரு. ஒரு மூட்டை மைதா வந்து எறங்குச்சு. கேட்டாச் சண்டையாயிரும், கேக்காம இருந்தா கை போயிரும். அன்னைக்கு ராத்திரி விளக்கு ஏத்துனப்ப சாமிகிட்ட வேற ஒண்ணும் கேக்கல, அந்தத் தோளை மட்டும் விட்டு வையின்னு கேட்டேன்.

தை ஒண்ணு. அவனியாபுரத்துல ஜல்லிக்கட்டு மாடு விடுற நாளு, காலையிலயே எங்க ரோட்டுல சனம் அலை மோதுது. வருசா வருசம் பரோட்டா அன்னைக்குப் பிச்சுக்கிட்டுப் போகும். நான் குளிச்சுட்டுக் கடைக்கு வாரேன், இவரு அடுப்புக்கு முன்னாடி நிக்கிறாரு. மைதா மூட்டை காலடியில கெடக்கு. கருப்பையா அண்ணன் ஸ்டாண்டு ஆளுக பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு வந்து பெஞ்சு பூராம் உக்காந்துட்டாரு. "என்ன மாப்ள, கல்லு எப்பச் சூடாகும்? ஆவணியில இருந்து நாக்கு ஏங்கிப் போயிக் கெடக்கு!"

இவரு திரும்பினாரு. வாயில என்னமோ மெல்லுறாரு. பாத்தா ஓரத்துல பச்சையாத் தெரியுது, இலை! பக்கத்துத் தெருவுல பரோட்டா போடுற தம்பி ஒருத்தரு அவருக்குப் பின்னாடி இருந்து வந்து மைதா மூட்டையைத் தோள்ல தூக்கிக்கிட்டாரு. "என் கடைக்கு எடுத்துட்டுப் போறேண்ணே, ஒங்க ஆளுகளுக்கு அங்க இருந்து சுடச்சுட அனுப்புறேன்"னுட்டு நடையைக் கட்டுனாரு. எனக்கு ஒண்ணும் புரியல, அப்புறம் மொத்தமாப் புரிஞ்சு கண்ணு பொங்கிருச்சு. இவரு என்னையப் பாக்கவே இல்ல. அண்ணனைப் பாத்துத்தான், ஊருக்கே கேக்குற மாதிரிச் சொன்னாரு.

"இது நல்லாத்தான் இருக்கு மச்சான். பரோட்டா வீச மதுரையில ஆயிரம் கை கெடக்கு, இதுக்குப் புளிப்புச் சொல்ல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

ஆக, இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்டது இம்புட்டுத்தேன்: லெட்டூஸ் இலை அஞ்சு நிமிசத்துல காஞ்சிரும், பரோட்டா மாஸ்டரு வாயில இருந்து "நல்லாருக்கு" வர அஞ்சு மாசம் ஆகும், வந்தப்பெறகு கடை அவரு கடைன்னுதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு.